இணைய வசூல்: ஆர்டர் கணக்கும் வங்கிக் கணக்கும்

இணையத்தில் விற்கும் எந்தக் கடைக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. யார், எதை, எத்தனை, எந்த முகவரிக்குக் கேட்டார் என்பது ஒன்று. யாரிடமிருந்து எவ்வளவு பணம் எப்போது வந்தது என்பது இன்னொன்று. முதலாவது கடையின் மென்பொருளில் இருக்கிறது; இரண்டாவது வங்கியில் இருக்கிறது. இந்த இரண்டையும் இடையில் ஆள் இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கச் செய்வதே இணையக் கட்டண இணைப்பின் வேலை. பணம் செலுத்தும் பொத்தானைத் திரையில் வைப்பது ஓர் அரைநாள் வேலைதான். அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு செய்தி பாதியில் தொலைந்தாலும் இரு கணக்குகளும் பிசகாமல் இருக்கச் செய்வதில்தான் உழைப்பெல்லாம் போகிறது.

பாக் நீரிணைக் கரையில் உள்ள அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் இந்தத் தேவை எப்படி எழுகிறது என்பதைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கருவாடு, செக்கெண்ணெய், துணிமணி, வீட்டுப் பலகாரம் என்று சிறு வணிகர்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார்கள். வாங்குபவர் ஜிபேயில் பணம் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். நாளைக்கு நான்கைந்து ஆர்டர் வரைக்கும் இது நன்றாகவே நடக்கும். ஆர்டர் பெருகும்போது ஒரே தொகை இருவரிடமிருந்து வருகிறது. போலி ஸ்கிரீன்ஷாட்டும் வருகிறது. ஊரின் வாழ்க்கையோடு ஒட்டிய இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் செலுத்துபவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். பொருள் போய்ச் சேரவேண்டியது ஊரிலிருக்கும் அவருடைய தாயாருக்கு. வங்கிக் குறுஞ்செய்தியில் ஒரு பெயர், பார்சலில் வேறொரு பெயர். பெயரையும் தொகையையும் வைத்துக் கண்ணால் ஒப்பிடும் முறை அங்கே முறிந்துவிடுகிறது. ஆர்டருக்கென்று ஓர் எண், அந்த எண்ணைச் சுமந்துகொண்டு வரும் பணம் என்ற ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

தொலைவில் இருப்பவருக்கு விற்றுப் பணம் வாங்கும் சிக்கல் பழையது. இந்திய அஞ்சல் துறை 1877-இல் வி.பி.பி. முறையையும் 1880-இல் மணியார்டரையும் தொடங்கியது. வி.பி.பி.யில் தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டுதான் பொட்டலத்தைக் கொடுப்பார். பொருள் கணக்கும் பணக் கணக்கும் ஒரே மனிதரின் கையில், ஒரே நொடியில் சந்தித்தன. 2010-இல் ஃப்ளிப்கார்ட் பரவலாக்கிய ‘கேஷ் ஆன் டெலிவரி’யும் இதே ஏற்பாடுதான். அதன் குறை, வீட்டுக்கு வந்த பார்சலை வாங்குபவர் வேண்டாம் என்று திருப்பிவிடலாம் என்பது. துணி திரும்பி வந்தால் மறுபடி விற்கலாம். ஒரு வாரம் வெயிலிலும் மழையிலும் சுற்றித் திரும்பும் நெத்திலிக் கருவாட்டை விற்க முடியாது. முன்பணம் வாங்கியாக வேண்டிய வணிகங்கள் இவை. முன்பணம் என்று வந்துவிட்டால் தபால்காரர் இல்லை. அவர் செய்த வேலையை மென்பொருள் செய்ய வேண்டும்.

இந்தியாவில் அந்த மென்பொருள் அடுக்கு 2000-ஐ ஒட்டி உருவானது. பில்டெஸ்க் 2000-இலும் சிசிஅவென்யூ 2001-இலும் வந்தன. 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் அட்டை வழியாகச் செலுத்துவதற்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. இன்று எல்லோருக்கும் பழகிப்போன ஓடிபியின் வேர் அந்த உத்தரவில் இருக்கிறது. உலகின் பெரும்பகுதி அட்டை எண்ணை மட்டும் வைத்துப் பணம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த கண்டிப்பு அது. வணிகர்கள் அப்போது முணுமுணுத்தார்கள். ஆயினும் அட்டை எண் திருடுபோனால் மட்டும் பணம் போய்விடாது என்ற நிலையை அதுதான் உண்டாக்கியது. 2014-இல் ரேஸர்பே, 2015-இல் கேஷ்ஃப்ரீ ஆகியவை வந்து, நிரலர் ஒருவர் தாமாகவே ஆவணத்தைப் படித்து இணைத்துக்கொள்ளும் முறையை எளிதாக்கின. 2016 ஏப்ரலில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யுபிஐயை அறிமுகம் செய்தது. 2023 ஆகஸ்டில் அதன் மாதப் பரிவர்த்தனை ஆயிரம் கோடியைத் தாண்டியது. அட்டையே கையில் எடுத்திராத ஒரு பெரிய கூட்டம் இணையக் கடைக்குள் வந்தது இந்த வழியாகத்தான்.

பணம் செல்லும் பாதையில் பலர் நிற்கிறார்கள். வாங்குபவரின் வங்கி ஒரு முனையில். கடைக்காரரின் வங்கி மறுமுனையில். அது 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியாகவும் இருக்கலாம், பட்டுக்கோட்டையில் கிளை வைத்திருக்கும் வேறொன்றாகவும் இருக்கலாம். நடுவில் அட்டைக்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலைப்பின்னல்கள். யுபிஐக்குத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் கேந்திரம். கடையின் மென்பொருள் இவர்கள் ஒவ்வொருவரிடமும் பேசுவதில்லை. ‘பேமெண்ட் அக்ரிகேட்டர்’ எனப்படும் வசூல் நிறுவனம் ஒன்றிடம் மட்டும் பேசுகிறது. 2020 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி இவர்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. விண்ணப்பிக்கும்போது 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு, பின்னர் 25 கோடி; வணிகர்களின் பணத்தைத் தம் பணத்தோடு கலக்காமல் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும்; வணிகர் யார், உண்மையில் என்ன விற்கிறார் என்று ஆராய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். சிறு கடைக்காரர் விண்ணப்பிக்கும்போது பான் எண், வங்கிக் கணக்கு, தளத்தில் திருப்பிக்கொடுக்கும் விதிமுறைப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படுவது இதனால்தான். இந்தப் பக்கங்களைக் கடைசி நேரத்தில் வேறு தளத்திலிருந்து எடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. கருவாட்டுக்கும் பாலியெஸ்டர் புடவைக்கும் ஒரே திருப்பி வாங்கும் விதி பொருந்தாது. தகராறு வரும்போது வங்கி முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

கட்டணக் கணக்கு எளியது. அட்டை, நெட்பேங்கிங் ஆகியவற்றுக்கு 2 சதவீதத்தை ஒட்டி வசூல் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது; அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் 20 ரூபாயும் 3 ரூபாய் 60 காசும் கழிந்து 976 ரூபாய் 40 காசு கைக்கு வரும். ரூபே டெபிட் அட்டைக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகர் தள்ளுபடிக் கட்டணம் கிடையாது. ஆனாலும் தங்கள் மென்பொருள் சேவைக்கென்று தனியாக வாங்கும் நிறுவனங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டிய முக்கியமான வரி இதுவல்ல. பணத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் கட்டணம் திரும்பி வருமா என்பதே முக்கியம். பெரும்பாலும் வராது.

இணைப்பின் உள்வேலை இங்கே தொடங்குகிறது. வாங்குபவர் கூடையை உறுதிசெய்ததும் கடையின் சர்வர் வசூல் நிறுவனத்திடம் ஓர் ஆர்டரைப் பதிவுசெய்து எண் வாங்குகிறது. தொகையை ரூபாயில் அல்லாமல் பைசாவில், முழு எண்ணாகக் கொடுப்பது வழக்கம். 499 ரூபாய் 50 காசு என்பது 49,950. புள்ளிக்குப் பின்வரும் எண்களைக் கணினி சேமிக்கும் முறையில் நுண்ணிய பிழைகள் சேரும் என்பதால் இந்த ஏற்பாடு. தொகையை நிர்ணயிப்பது எப்போதும் சர்வராகத்தான் இருக்க வேண்டும். வாங்குபவரின் உலாவியிலிருந்து வரும் தொகையை நம்பும் கடைகளில், பக்கத்தின் உட்குறியீட்டைத் திருத்தி ஆயிரம் ரூபாய்ப் பொருளை ஒரு ரூபாய்க்கு வாங்கிவிடுவது பழைய, இன்னும் ஓயாத ஏமாற்று.

பிறகு வசூல் நிறுவனத்தின் திரை திறக்கிறது. வாங்குபவர் யுபிஐ செயலிக்குத் தாவிப் பின் எண்ணைப் போடுகிறார், அல்லது அட்டையும் ஓடிபியும் கொடுக்கிறார். முடிந்ததும் உலாவி கடையின் தளத்துக்குத் திரும்புகிறது. கூடவே ‘பணம் வந்தது’ என்ற சேதியும் ஒரு முத்திரையும் வருகின்றன. கடைக்கும் நிறுவனத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியையும் ஆர்டர் எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்ட நீண்ட எழுத்துக்கோவை அது. சர்வர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்தால்தான் சேதியை நம்ப வேண்டும். முத்திரையைச் சரிபார்க்காமல் சேதியை மட்டும் நம்பும் மென்பொருள், ஸ்கிரீன்ஷாட்டை நம்பும் கடைக்காரரின் நிலையில்தான் இருக்கிறது. இதில் பெரியவர்களும் தப்பவில்லை. 2022-இல் இந்தியாவின் முன்னணி வசூல் நிறுவனம் ஒன்றில், தோல்வியுற்ற 831 பரிவர்த்தனைகளை வெற்றி என்று காட்டி 7.38 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி நடந்ததாகக் காவல்துறையில் புகார் பதிவானது. ரகசியச் சாவியைக் கடையின் பொது நிரலிலேயே எழுதி, அதை எல்லோரும் பார்க்கக்கூடிய களஞ்சியத்தில் ஏற்றிவிடுவதும் இதே வகைக் கேடு. சாவி சர்வரின் தனி அமைப்பில் மட்டுமே இருக்க வேண்டும்.

உலாவி திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பின் எண்ணைப் போட்ட கையோடு அலைபேசியில் அழைப்பு வருகிறது, சிக்னல் விழுகிறது, வாங்குபவர் செயலியிலிருந்து கடைப் பக்கத்துக்குத் திரும்பவே இல்லை. வங்கியில் பணம் கழிந்துவிட்டது. கடையின் கணக்கில் ஆர்டர் இன்னும் நிலுவை. “காசு போயிடுச்சு, ஆர்டர் விழல” என்று வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இந்த வகை. இதற்காகவே வசூல் நிறுவனத்தின் சர்வர் கடையின் சர்வரை நேராக அழைத்து முடிவைச் சொல்லும் ‘வெப்ஹுக்’ என்ற இரண்டாம் வழி இருக்கிறது. நல்ல இணைப்பு இந்த இரண்டாம் வழியைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். உலாவி கொண்டுவரும் சேதியை, வாங்குபவருக்கு உடனே நன்றி சொல்வதற்கு மட்டும் பயன்படுத்தும்.

வெப்ஹுக்கிலும் இரண்டு இடர்கள் உண்டு. கடையின் சர்வர் பதில் தராவிட்டால் நிறுவனம் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். எனவே ஒரே செய்தி பல முறை வரலாம். ஒவ்வொரு முறையும் ஒரு பார்சலை அனுப்ப உத்தரவிடும் மென்பொருள் கடையை மூழ்கடித்துவிடும். பணப் பரிவர்த்தனை எண்ணைத் தரவுத்தளத்தில் ஒரே ஒரு முறைதான் பதியலாம் என்று கட்டுப்படுத்தி, இரண்டாம் முறை வருவதை அமைதியாக ஏற்று ஒதுக்குவதே தீர்வு. செய்திகள் வரிசை மாறி வருவது மற்றோர் இடர். ‘தோல்வி’ என்ற செய்தி தாமதமாக வந்து, அதற்கு முன்னே வந்துவிட்ட ‘வெற்றி’யை அழித்துவிடக் கூடாது. ஆர்டர் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்பதை நிரல் எழுதும் முன்பே தாளில் வரைந்துகொள்ளும் குழுக்கள் இந்தப் பள்ளத்தில் விழுவதில்லை.

மறுபடி அனுப்பும் முயற்சிக்கும் எல்லை இருக்கிறது; சில நிறுவனங்களில் ஒரு நாள், சிலவற்றில் மூன்று நாள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினப் பகுதிகளில் மின்சாரமும் அலைபேசியும் பல நாள் இல்லாமல் இருந்தன. கடையின் சர்வரை வீட்டு மேசையில் வைத்திருந்தால் அந்த நாட்களின் செய்திகள் எதுவும் வந்து சேராது. சர்வரைத் தொலைவிலுள்ள தரவு மையத்தில் வாடகைக்கு எடுப்பதற்குப் பண்டிகைக் கால நெரிசல் மட்டும் காரணமல்ல. டெல்டா கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் போதுமான காரணம். செய்தி வராமல் போனால் கடையின் மென்பொருள் தானே முன்வந்து, நிலுவையில் நிற்கும் ஒவ்வோர் ஆர்டரின் நிலையையும் வசூல் நிறுவனத்திடம் கேட்டறியும் ஒரு வேலையையும் குறித்த இடைவெளியில் ஓட்ட வேண்டும்.

‘பெண்டிங்’கில் நிற்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி காலக்கெடு விதித்திருக்கிறது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, வாங்குபவரின் கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராமல் போனால் 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாங்குபவர்களில் பலருக்கு இந்த விதி தெரியாது. கடைத் தளம் அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். “பணம் கழிந்திருந்தால் மறுபடி செலுத்த வேண்டாம். ஆர்டர் உறுதியாகும், அல்லது 5 நாளில் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பும்” என்ற இரண்டு வரித் தமிழ், வாடிக்கையாளரை இரட்டைச் செலுத்தலிலிருந்து காப்பாற்றும். யுபிஐ செயலிகள் தமிழில் கிடைக்கும்போதும், கடைத் தளங்களின் பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில், அதுவும் நிரலர்களுக்கு மட்டும் விளங்கும் குறியீடுகளாக நிற்கின்றன. பணம் எங்கே நிற்கிறது என்று தெரியாத நிமிடத்தில் ஒருவருக்கு வேண்டியது அவருடைய மொழி.

நாள் முடிவில் இரு கணக்குகளையும் ஒப்பிடும் வேலை மிஞ்சுகிறது. வசூல் நிறுவனம் ஒவ்வோர் ஆர்டருக்கும் தனித்தனியே பணம் அனுப்புவதில்லை. ஓரிரு நாளின் விற்பனையை ஒன்றாகத் திரட்டி, கட்டணமும் திருப்பிக்கொடுத்தவையும் போக மீதியை ஒரே தொகையாக, யுடிஆர் எனப்படும் ஒரு வங்கிப் பரிவர்த்தனை எண்ணோடு வங்கியில் போடுகிறது. வங்கிப் பாஸ்புக்கில் 18,431 ரூபாய் என்று ஒரு வரி இருக்கும். அது எந்தெந்த ஆர்டர்களின் கூட்டு என்பதை நிறுவனத்தின் அறிக்கையைக் கொண்டு பிரித்தறிய வேண்டும். ஜிஎஸ்டி கணக்குக்கு விற்பனையை முழுத் தொகையிலும், வசூல் நிறுவனத்தின் கட்டணத்தைத் தனிச் செலவாகவும் எழுத வேண்டும். வங்கியில் வந்த மீதியை விற்பனை என்று எழுதினால் கணக்கு முழுவதும் கோணும். புதிதாகத் தொடங்கும் கடைகள் இதை ஆண்டு முடிவுக்கு என்று தள்ளிப்போடுகின்றன. முதல் வாரத்திலேயே தானியங்கி ஒப்பீட்டை எழுதிவிட்டால், முத்திரைச் சரிபார்ப்பிலோ வெப்ஹுக்கிலோ இருக்கும் ஓட்டையும் இங்கேதான் முதலில் தெரியவரும்.

அட்டை விவரங்களைப் பொறுத்தவரை இந்தியக் கடைகளின் நிலை இன்று மிகவும் எளிதாகிவிட்டது. 2022 அக்டோபர் 1 முதல், அட்டையைத் தந்த வங்கியையும் வலைப்பின்னலையும் தவிர வேறு யாரும் அட்டை எண்ணைச் சேமிக்கக் கூடாது. கடையிடம் இருப்பது அந்த அட்டைக்கும் அந்தக் கடைக்கும் மட்டும் செல்லும் மாற்று எண்ணான டோக்கன். அதைத் திருடுபவருக்குப் பயனில்லை. இருந்தாலும் செலுத்தும் பக்கத்தில் ஓடும் குறிநிரல்கள் ஆபத்தானவை. 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நுழைந்த சில வரி நிரல், பயணிகள் தட்டச்சு செய்யும்போதே அட்டை எண்களைக் களவாடியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020-இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தார். அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் நான்காம் பதிப்பு, 2025 மார்ச் 31 முதல் செலுத்தும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் காரணம் கேட்கிறது. சிறு கடைக்கு நல்ல வழி, அட்டை எண் தன் பக்கத்துக்கே வராமல் வசூல் நிறுவனத்தின் திரையில் மட்டும் தட்டச்சாகும்படி அமைத்துக்கொள்வது.

சந்தா மென்பொருளில் நிலைமை வேறு. விற்பனையில் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் முன்னால் இருக்கிறார். சந்தாவில் முதல் முறை மட்டும் இருக்கிறார். அடுத்த மாதம் முதல் அவருடைய முன்அனுமதியை வைத்துப் பணம் எடுக்கப்படுகிறது. அந்த அனுமதியின் எல்லை என்ன, அதை அவர் எப்படித் திரும்பப் பெறலாம் என்பதே சந்தா இணைப்பின் மையம்.

ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட் 21 அன்று அட்டை வழி தொடர் வசூலுக்கான விதிகளை அறிவித்தது. பதிவு செய்யும்போதும் முதல் வசூலிலும் கூடுதல் சரிபார்ப்பு. ஒவ்வொரு வசூலுக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளும் வழி. சரிபார்ப்பு இல்லாமல் எடுக்கக்கூடிய உச்சத்தொகை முதலில் 2,000 ரூபாய். முழுமையாக நடைமுறைக்கு வரும் முன்பே 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. பரஸ்பர நிதி, காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம். யுபிஐ வழியான ஆட்டோபே 2020 ஜூலையில் வந்தது. 2021 அக்டோபர் 1 அன்று அட்டை விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, வங்கிகள் பலவும் தயாராகாத நிலையில், வெளிநாட்டு மென்பொருள் சேவைகளுக்கும் ஓடிடி தளங்களுக்கும் இருந்த பழைய அனுமதிகள் ஒரே இரவில் செல்லாதவையாயின. ஆப்பிள் 2022-இல் தன் செயலிக் கடையில் இந்திய அட்டைகளை ஏற்பதையே நிறுத்திவிட்டு யுபிஐ, நெட்பேங்கிங், முன்பண இருப்பு ஆகியவற்றுக்கு மாறியது. நிறுவனங்களுக்கு இழப்பு நேர்ந்தது உண்மை. ஆனால் மறந்துபோன சந்தாக்களுக்கு மாதாமாதம் பணம் இழந்துகொண்டிருந்தவர்களுக்கு, எந்தச் சேவை எவ்வளவு எடுக்கிறது என்று முதன்முதலாகக் குறுஞ்செய்தி வரத் தொடங்கியதும் அந்த விதியால்தான். அந்தச் செய்தியைத் தொல்லை என்று கருதும் நிறுவனங்களைவிட, வாடிக்கையாளரின் பக்கம் நின்ற விதியே சரி.

இந்த விதிகள் மென்பொருளின் அமைப்பையே மாற்றுகின்றன. பணம் எடுக்கும் தேதிக்கு ஒரு நாள் முன்பே அறிவிப்பு போயிருக்க வேண்டும். எனவே ‘இன்று கடைசி நாள், இன்றே எடு’ என்று நிரல் எழுத முடியாது. அனுமதி பதியும்போது ஓர் உச்சத்தொகை குறிக்கப்படும். மாதம் 199 ரூபாய்ச் சந்தாவுக்கு 15,000 என்று உச்சம் வைத்தால், யுபிஐ செயலி அந்தப் பெரிய எண்ணைத்தான் வாடிக்கையாளருக்குக் காட்டும். அவர் பயந்து விலகுவது நியாயம். 199 என்றே வைத்தால் விலை உயரும் நாளில் எல்லோரிடமும் புது அனுமதி வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, ஓரிரு விலையேற்றத்துக்கு மட்டும் இடம் விட்டு உச்சத்தை வைப்பதே முறை.

வசூல் தோற்றால் மறுமுயற்சி. 2025 ஆகஸ்ட் 1 முதல் யுபிஐ ஆட்டோபே வசூல்கள் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் ஓட வேண்டும்: காலை 10 முதல் 1 மணி வரையும், மாலை 5 முதல் இரவு 9.30 வரையும் ஓடக் கூடாது. ஒரு முயற்சி, அதன்பின் மூன்று மறுமுயற்சி மட்டும். நான்கே வாய்ப்புகள் என்பதால் அவற்றை எந்த நாளில் செலவிடுவது என்று யோசிக்க வேண்டும். மென்பொருள்கள் பொதுவாக நகரத்து மாதச் சம்பளத்தை நினைத்து எழுதப்பட்டவை. டெல்டாவில் வருமானம் வேறு தாளத்தில் வருகிறது. சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்கு மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அங்கே சம்பளம் போட்ட பிறகே வருகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கான பயிற்சிச் செயலி ஒன்று மாதச் சந்தா மட்டும் வைத்தால் பாதிப் பேர் தடைக்காலத்தில் துண்டிக்கப்படுவார்கள். ஆண்டுச் சந்தா, இரண்டு மாதம் நிறுத்தி வைக்கும் வசதி, வசூல் தேதியை வாடிக்கையாளரே தேர்ந்தெடுப்பது ஆகியவை இங்கே அடிப்படைத் தேவைகள். வங்கி வழியான நாச் முறையில் இது இன்னும் கூர்மையானது. கணக்கில் இருப்பு இல்லாமல் வசூல் திரும்பினால் வங்கி வாடிக்கையாளரிடம் அபராதம் எடுக்கும். நூறு ரூபாய்ச் சந்தாவுக்காக ஒருவர் அதைவிடப் பெரிய அபராதம் கட்டும்படி விடுவது கொடுமை. முன்னறிவிப்புக்குப் பதில் வராத கணக்குகளில் நாச் வசூலைக் கண்மூடி மறுமுயற்சி செய்யக் கூடாது.

சந்தாவின் கணக்குகளைத் தனி அடுக்காகச் செய்துதரும் மென்பொருள்களில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 2011-இல் சென்னையில் தொடங்கிய சார்ஜ்பீ உலகெங்கும் பயன்படுகிறது. அது பணத்தைத் தொடுவதில்லை. திட்டம், சோதனைக் காலம், நடுமாதத்தில் திட்டம் மாறினால் விகிதக் கணக்கு, பில், மறுமுயற்சி ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, வசூலுக்கு வேறு நிறுவனங்களை அழைக்கிறது. ஜோஹோவின் பில்லிங் மென்பொருளும் அதே வேலையைச் செய்கிறது. அந்தக் குழுமம் 2024-இல் வசூல் உரிமமும் பெற்றது. நூறு சந்தாதாரர் வரை இந்த அடுக்கு தேவையில்லை. விகிதக் கணக்கும் தள்ளுபடியும் சேரும்போது அதைச் சொந்தமாக எழுதுவது வீண் செலவு. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய் முன்கூட்டி வந்தால் அது அன்றைய வருமானமல்ல என்பதையும் இவை கவனித்துக்கொள்கின்றன: மாதம் நூறு நூறாகத்தான் வருமானம், சேவைக்கான ஜிஎஸ்டி மட்டும் முன்பணம் வந்தபோதே விழும்.

விலகும் வழியைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள், முன்கூட்டியே டிக் செய்த பெட்டியை ஒப்புதலாக எடுக்கக் கூடாது என்கின்றன. புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்கச் சொல்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில் சந்தாப் பொறியும் ஒன்று. சேர ஒரு தட்டல், விலக ஐந்து பக்கம் என்ற அமைப்பு இப்போது சட்டவிரோதம். யுபிஐ ஆட்டோபேயை வாடிக்கையாளர் தம் செயலியிலேயே ரத்து செய்துவிடலாம். அந்த ரத்து வெப்ஹுக்காக வந்ததும் மென்பொருள் சந்தாவையும் முடித்து, செலுத்திய காலம் வரை சேவையைத் தொடர வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்து வரும் பணம் அதிராம்பட்டினத்துக்குத் தனிக் கேள்வி. 2023 ஜனவரியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம், சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகளின் அலைபேசி எண்களோடு வெளிநாடுவாழ் இந்தியரின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை யுபிஐயில் சேர்க்க அனுமதித்தது; பின்னர் மலேசியாவும் சேர்ந்தது. எனவே வளைகுடாவில் இருக்கும் மகன் ஊர்க்கடையில் யுபிஐயிலேயே வாங்கலாம். கடைத் தளம் செய்யவேண்டியது ஒன்றுதான்: அலைபேசி எண் பத்து இலக்க இந்திய எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் படிவத்தைத் திருத்துவது. செலுத்துபவர், பெறுபவர் இருவரின் விவரங்களையும் தனித்தனியே வைத்துக்கொண்டால், பணம் திரும்பும்போது செலுத்தியவரின் கணக்குக்கே போகும். 2023 பிப்ரவரி 21-இல் தொடங்கிய சிங்கப்பூரின் பேநவ்வுடனான யுபிஐ இணைப்பு தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதற்கானது. கடை வசூலுக்கு அதை நம்பக் கூடாது. வெளிநாட்டு அட்டைகளில் வாங்க, எல்லை தாண்டிய வசூலுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31-இல் வகுத்த விதிகளின் கீழ் அனுமதி பெற்ற நிறுவனம் வேண்டும்.

பள்ளி, அறக்கட்டளை, ஊர்ச் சங்கம் ஆகியவற்றின் மாதச் சந்தாவை மென்பொருளில் ஏற்றும்போது இன்னொரு எச்சரிக்கை உண்டு. இந்தியக் குடியுரிமை உள்ளவர் எந்த நாட்டிலிருந்து அனுப்பினாலும் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் இதே ஊரில் பிறந்தவராயினும், 2010-இன் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அது வெளிநாட்டுப் பணம். அதைப் பெறப் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நாட்டைக் கேட்டுக் குடியுரிமையைக் கேட்காத நன்கொடைப் படிவம், நல்ல எண்ணத்தோடு நடக்கும் அமைப்பைச் சட்டச் சிக்கலில் தள்ளிவிடும். படிவத்தில் அந்த ஒரு கேள்வியைச் சேர்த்து, பதிவில்லாத அமைப்பு என்றால் அந்த வசூலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கடைசியாக வருவது ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் இடர். 2022 டிசம்பரில் ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ ஆகியவை இறுதி உரிமம் கிடைக்கும்வரை புதிய வணிகர்களைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தியது. 2023 டிசம்பரில் உரிமம் வரும்வரை ஓராண்டு அந்தக் கதவு மூடியிருந்தது. 2024 ஜனவரி 31-இல் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் மீது வந்த கட்டுப்பாடு மார்ச் 15-க்குப் பின் அதன் கணக்குகளில் புதிதாகப் பணம் போடுவதைத் தடுத்தது; விற்ற பணத்தை அந்த வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த வணிகர்கள் ஆறே வாரத்தில் வேறு வங்கிக்கு மாற வேண்டியதாயிற்று. விற்பனைக் கடைக்கு மாற்றம் ஒரு வார வேலை: புது நிறுவனத்தில் விண்ணப்பம், புதுச் சாவி, புது வெப்ஹுக் முகவரி. கடையின் நிரல் வசூல் நிறுவனத்தின் பெயரை ஒரே இடத்தில் மட்டும் அறிந்திருந்தால் இன்னும் குறையும். சந்தா நடத்துபவருக்கு இது கடினம். பழைய நிறுவனத்தின் வழியாகப் பதிந்த ஆட்டோபே அனுமதிகளைப் புதிய நிறுவனத்துக்கு எளிதாகக் கொண்டுபோக முடிவதில்லை. ஒவ்வொரு சந்தாதாரரும் மறுபடி பின் எண்ணைப் போட்டு ஒப்புதல் தர வேண்டியிருக்கலாம். தொடக்கத்திலிருந்தே இரண்டு நிறுவனங்களில் கணக்கு வைத்து, புதிய சந்தாக்களை இரண்டிலும் பிரித்துப் பதிந்துவருபவர்கள், ஒன்று முடங்கினாலும் மற்றதன் சந்தாதாரர்களிடமிருந்து வரும் வருமானத்தைக் கொண்டு மறுபதிவுக் காலத்தைக் கடந்துவிட முடிகிறது.